அவள் வேண்டுதல், என் கால்

என் காலை என்னைக் கேட்காமலேயே ஒருத்தி அடகு வைத்துவிட்டாள் என்று தெரியவந்தபோது, மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ரவா தோசைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அடகு வைத்தவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரே பெஞ்சுக்காரி. சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். படித்த பள்ளிக்கூடத்திலேயே தமிழ் டீச்சராகச் சேர்ந்து, பாதி மயிலாப்பூருக்குச் சந்திப்பிழையைத் திருத்தியவள். நான் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக் குடும்பம். அவளுக்கு இலக்கணம், எனக்கு வாய். இத்தனை வருஷமும் இந்த ஏற்பாட்டில்தான் எங்கள் சிநேகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், கடைக்குப் போகும் வழியில், தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் என் ஸ்கூட்டர் இறங்கியது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. தகடு வைத்து, திருகு போட்டு, கொஞ்ச நாளில் மறுபடியும் திறந்து, இன்னொரு தகடு. கடைசியில் டாக்டர், கோலை ஊன்றி நடமாடலாம், முட்டியைத் தரையில் ஊன்றவே கூடாது, நின்று பார்க்கிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

நின்று பார்க்கிற வேலை வேண்டாமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நின்றுகொண்டே பிழைத்தவள். பட்டு கவுன்ட்டரில் நான் நின்றால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். இப்போது கடை வாசலில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் ஒரு குஷன். நான் எழுந்தாலே போதும், கடைப் பெண்கள், மருமகள், தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் எல்லோரும் ஒரே குரலில் உட்காருங்க, உட்காருங்க என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பாவம் பார்க்கிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது.

அந்த ஓட்டலில்தான் அவள் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். முதல் ஆபரேஷன் அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாளாம். என்னவென்று?

"மாதாவே, இவ காலைக் குடுத்துடு. உன் கோயிலுக்கு இவளை நடத்திக் கூட்டிட்டு வரேன்."

சென்னையிலிருந்தா என்று கேட்டேன். சாந்தோமிலிருந்து என்றாள், ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மொட்டை போடுகிறேன் என்றால் உன் தலை, உண்டியலில் போடுகிறேன் என்றால் உன் பை. என் காலை எப்படி நீ எழுதிக் கொடுக்கலாம்? ஓட்டல் என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சட்னியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். பிறகு மெதுவாக, பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டேன் என்றாள். நிறைவேற்ற முடியாத வேண்டுதலை வேறு எதற்காவது மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டாம். உன் தோழிக்கு முடியாது என்றால் அநாதை இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போடலாம் என்று சொல்லியிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். முடியாதுன்னு நான் சொல்லலையே ஃபாதர் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் அடங்கினேன். ஊர் முழுக்க என்னை உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒருத்தி நான் வேளாங்கண்ணி வரைக்கும் நடப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பைத்தியக்காரி. ஆனால் என் பைத்தியக்காரி.

வீட்டில் வந்து சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்த வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். "நம்ம செந்தூர் முருகன்னா வீட்டுப் பிள்ளை மாதிரி, முன்னபின்ன ஆனாலும் பொறுத்துக்குவான். மாதாகிட்ட சொன்னா சொன்னதுதான். செஞ்சிடு" என்றார். நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். சென்னையில் இப்படி ஆயிரம் பேர் உண்டு.

பழக ஆரம்பித்தோம். முதலில் தெருமுனை. அதற்கே கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு பனகல் பார்க்கை ஒரு சுற்று. பிறகு பாண்டி பஜார் நடைபாதையில், கடை திறக்கும் முன்னால், கோலோடு. ஒருநாள் கோலை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் பாதி தூரம் போனபிறகுதான் கவனித்தோம், அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது தி.நகரிலிருந்து மயிலாப்பூர் மாட வீதி வரை நடந்து, காபி குடித்துவிட்டு, அடையாறு பாலத்தைத் தாண்டி பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். அங்கே இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோயில் வாசலில் நின்று, இங்கேயும் அதே மாதாதானே, இதோடு கணக்கை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். சரி என்று மணலில் இறங்கி நடந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவர்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். அரிசி பருப்பு, பாய், பெட்டியெல்லாம் பின்னால் ஒரு டெம்போவில் வரும். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டோம். கிளம்பிய காலை, சாந்தோம் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது கடல் இன்னும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மருமகள் பையில் முட்டிக்குப் போடும் உறையை மூன்று சைஸில் வைத்திருந்தாள். எல்லோரும் "மரியே வாழ்க" என்றார்கள். நான் முதலில் வாயை மட்டும் அசைத்தேன், அடையாறு தாண்டுவதற்குள் எல்லோரையும்விட என் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

டெம்போ ஓட்டியவர் மயிலாப்பூர்க் குப்பத்துக்காரர். ஆளும் வண்டியும் ஒரே வயது இருக்கும். என் கால் கதையை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், மனுஷன் எனக்கென்றே வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். திருவான்மியூரில் ஒரு தடவை, கோவளத்தில் ஒரு தடவை, மாமல்லபுரம் போவதற்குள் எத்தனையோ தடவை, பக்கத்தில் வந்து கதவைத் திறப்பார்.

"யக்கா, ஏறிக்கோ. மாதா இன்னா, மீட்டர் போட்டுக்கினா குந்திக்கினுகீது?"

சாத்தான் டெம்போவில்தான் வரும் என்று என் தோழி சொல்வாள். நான் அவரைத் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே முன்னால் போய், அடுத்த வேப்பமரத்து நிழலில் தண்ணீரோடு நிற்பார். நல்ல மனுஷன். ஆனால் அவர் வண்டியின் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்துவிடும், உடனே நடை வேகமாகும்.

பங்குனி வெயில் என்றாலும் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை சொர்க்கம்தான். வேம்பு பூத்துக் கொட்டிக் கிடந்தது. முந்திரித் தோப்புப் பக்கம் போனால் ஒரு புளிப்பு வாசனை. எதிரில் வருகிறவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வருவார்கள், நான் பதறிப்போய் இந்தக் காலைத் தொடாதீர்கள், இதில் தகடு இருக்கிறது என்பேன். வழியில் யாரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் தோ வந்துடுச்சு என்பார்கள். புதுச்சேரி வந்தது, கடலூர் வந்தது. என் கால் சாயங்காலமானால் வீங்கும், விடிந்தால் வடியும். நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலை யாருமே பார்க்கவில்லை.

கனடாவில் இருக்கும் அவள் மகள் ஷூ வாங்கி அனுப்பியிருந்தாள். நல்ல விலை உசந்த ஷூ. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, கிளம்பிய அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டியிருக்கிறாள் இந்தப் படித்த மகராசி. குதிகாலில் கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகி, அதை சாக்ஸுக்குள் மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அவளுக்கு சர்க்கரை வேறு. சீர்காழியில் ஒரு மண்டபத்தில் தங்கியபோது சாக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்போதுதான் பார்த்தேன்.

பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த நர்ஸம்மா இரண்டு காலிலும் கட்டுப் போட்டுவிட்டு, இனி ஒரு எட்டு வைத்தாலும் காலையே எடுக்க வேண்டிவரும் என்று பட்டென்று சொன்னார். வைத்தியம் முடிந்தது. நடையும் முடிந்தது.

மண்டபத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் அழுதாள். அவளுடைய அப்பா போனபோதுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. என்னவென்று கேட்டதற்குச் சொன்னாள், மாதாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டேன், இனி உன் காலுக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம். இவ்வளவு படித்தும் அவள் மனசில் இருந்தது அந்த ஒரு பயம்தான். மாதா கொடுத்த காலை மாதாவே திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்று.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஷூ மேல், சர்க்கரை மேல், எல்லார் மேலும். அந்தக் கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அன்றைக்கு நீ வேண்டிக்கொண்டதை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் சொல் என்றேன். எதுக்குடி என்றாள். சொல்லுடி என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். உன் கோயிலுக்கு இவளை நடத்திக் கூட்டிட்டு வரேன்.

"நடத்தி. நடந்து இல்லையே?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எட்டாம் வகுப்பில் தன்வினை பிறவினைக்கு நான் முட்டை வாங்கியவள். திருந்தினான், திருத்தினான். உருண்டான், உருட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து இவள்தான் மண்டையில் ஏற்றினாள், ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு சீர்காழி மண்டபத்தில் மொத்தமும் ஏறியது. நடக்கிறவள் நான், நடத்துகிறவள் நீ. நடத்துகிறவளும் நடக்க வேண்டும் என்று எந்த இலக்கணப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? பஸ்ஸில் நடத்துனர் என்ன நடந்தா வருகிறார்? அவர் பாட்டுக்கு வண்டியில் வருகிறார், ஊர் வந்து சேரவில்லையா?

வாசலில் நின்றிருந்த டெம்போக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். என் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வேண்டுதலை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்க்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் வாயைத் திறந்தாள்.

"நடத்துநர். எழுதறப்போ தந்நகரம் போடணும்."

அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அங்கேயே எழுந்து ஆடலாம்போல் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் டெம்போவின் முன்சீட்டில், கட்டுப் போட்ட இரண்டு காலையும் ஒரு மூட்டைமேல் வைத்துக்கொண்டு. காலையில் நான் தயாரானதும் உள்ளே இருந்து "ரைட்" என்பாள். சிரிப்பு வந்தாலும், அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அதுவரைக்கும் என் கால் போனால் எனக்குத்தான் நஷ்டம் என்று இருந்தேன். இப்போது வேண்டுதல் முழுக்க என் ஒரு காலில் வந்து நின்றுவிட்டது. நான் ஒரு அடி தூரம் வண்டியில் போனாலும் அவள் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். இனி அவள் கையில் எதுவுமே இல்லை. அவளுக்கும் அது தெரியும். தரங்கம்பாடி வரைக்கும் கண்ணாடி வழியாக என் முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரைக்கால் தாண்டியதும் அந்த வேளை வந்தது. சாலை உருகிக்கொண்டிருந்தது, காற்றே இல்லை. முட்டிக்குக் கீழே உள்ளே யாரோ திருகைத் திருகுவதுபோல ஒரு வலி. கூட்டம் முன்னால் போய்விட்டது. ஒரு வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, எழுந்திருக்க முடியாது என்று. உறையைக் கழற்றிப் பார்த்தேன், கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. இவ்வளவு தூரம் வந்து இங்கேயா?

டெம்போ வந்து நின்றது. டிரைவரிடம் வழக்கமான கிண்டல்கூட இல்லை. கதவைத் திறந்தவள் என் தோழி.

"ஏறிக்கோடி. போதும். வேண்டுதல் என்னோடது, மாதாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. டாக்டர் சொன்னார், கடைப் பெண்கள் சொன்னார்கள், மருமகள் சொன்னாள், எல்லோருக்கும் காது கொடுக்காமல் வந்தேன். முடியாது என்று இவள் மட்டும் சொன்னதே இல்லை, பங்குத் தந்தையிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது இவளும் சொல்லிவிட்டாள். இவளுக்கே என்மேல் பாவம் வந்துவிட்டது.

"உன் வேண்டுதல்தான். கால் என்னுது. கதவைச் சாத்து" என்றேன்.

கட்டையைப் பிடித்து எழுந்தேன். முதல் எட்டு வைத்தபோது கண் இருட்டியது. இரண்டாவதில் அந்த டிரைவரை, அவர் வண்டியை, வாய்க்காலை, கனடா ஷூவை எல்லாவற்றையும் திட்டினேன். திட்டத் திட்டக் கால் இளகியது. டெம்போ என் பின்னாலேயே உருண்டுகொண்டு வந்தது. ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. நாகூர் மினார் தெரிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரில் வந்த ஒரு பாய் என்னம்மா என்று கேட்டார். நடந்து வந்துட்டேன் பாய் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகப்பட்டினத்தில் இரவு ஐஸ் கட்டி வைத்துக் காலை இறக்கினோம். அவள் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தாள். நான் தடுக்கவில்லை.

வேளாங்கண்ணிக் கோபுரம் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததும் கூட்டம் மொத்தமும் கத்தியது. நான் ஓடவில்லை, ஓட முடியாது. ஆனால் நிமிர்ந்து நடந்தேன். பட்டு கவுன்ட்டரில் நிற்பேனே, அந்த நிமிர்வு.

மாதா குளத்துப் பக்கமிருந்து பேராலயம் வரைக்கும் மணல் கொட்டிய ஒரு பாதை உண்டு. ஜனங்கள் அதில் முழங்காலிலேயே போவார்கள். அங்கே டெம்போ நின்றது. அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோக டிரைவர் கையை நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அப்படியே மணலில் முழங்கால் போட்டாள். நர்ஸம்மா தடுத்தது பாதத்தைத்தானே, முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். கட்டுப் போட்ட பாதம் இரண்டும் மண் படாமல் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றன.

எனக்கு முட்டி போட முடியாது. அவளுக்கு நிற்க முடியாது. அதனால் அவள் முழங்காலிலும் நான் காலிலுமாகப் பக்கத்தில் பக்கத்தில் போனோம். அவள் ஒரு கையால் என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் வேகத்துக்கு நான் நடக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் எனக்காகக் காத்து நின்றவளுக்காக இப்போது நான் காத்து நின்றேன். மணல் சுட்டது. பாதியில் அவள் முட்டி தேய்ந்து புடவையில் சிவப்புப் பட்டது. நிறுத்திக்கொள்ளேன் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

உள்ளே ஒரே கூட்டம். முழங்காலில் இருந்த அவளுக்கு முன்னால் முதுகுகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மாதா உயரத்தில் இருந்தாள், நட்சத்திரம் மாதிரி விளக்கெல்லாம் போட்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தாள். வேண்டிக்கொண்டவளுக்குத் தெரியவில்லை. குனிந்து அவள் இரண்டு கையையும் பிடித்தேன். உன் கால் போயிடும்டி, விடு என்றாள். வலது காலை நன்றாக ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. பாதம் தரையில் அழுந்தாமல், முழுப் பாரத்தையும் என்மேல் போட்டுத் தொற்றிக்கொண்டு எழுந்தாள். டீச்சரம்மா லேசான ஆள் கிடையாது. அவ்வளவு பாரமும் அந்தத் தகடு வைத்த காலில் இறங்கியது. தாங்கியது.

அவள் மாதாவைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஊருக்கே பாடம் எடுத்தவளுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. யாராவது சொல்லியாக வேண்டுமே. "வந்துட்டோம்" என்று நானே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நாங்கள் அப்படியே நின்றோம்.